கோச்சியா, வேனா?

எங்கள் வீட்டில் யாராவது எங்கேயாவது போவதென்றால் முதலில் சண்டை வரும், திகதி பிறகுதான் வரும். 2018 ஆகஸ்ட் லீவுக்கு மன்னார் போவதென்று பேச்சு வந்தபோதும் அப்படித்தான். திருக்கேதீஸ்வரம், மடு, கடைசியாகத் தலைமன்னாரில் கடல். இதில் யாருக்கும் மறுப்பில்லை. எதில் போவது என்பதில்தான் இரண்டு கிழமை போனது. கோச்சியா, வேனா?

வெளியூர் ஆட்களுக்காக ஒரு வார்த்தை: கோச்சி என்றால் ரயில். ஸ்டேஷன் போர்டில் புகையிரதம் என்று இருக்கும். எங்கள் லயத்தில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

நாங்கள் ஒன்பது பேர். அப்பா, அம்மா, நான், தம்பி, சித்தப்பா, சித்தி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், அப்பாயி. வீடு ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில். அப்பாவுக்கு மாத்தளை டவுனில் ஹார்ட்வெயார் கடையில் வேலை. அம்மா பிள்ளை மடுவத்தில். சித்தி கொழுந்து பறிக்கிறார். சித்தப்பா கொழும்பில் சாப்பாட்டுக் கடையில், மாதத்துக்கு ஒருதரம் வருவார். நான் ஏ.எல். ரிசல்ட் வந்து, கெம்பஸ் எப்போது கூப்பிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். சும்மா இருக்கிறவளுக்கு வேலை கொடுப்பது எங்கள் குடும்ப வழக்கம். “நீதான் படிச்சவ, கணக்குப் போட்டுச் சொல்லு” என்று அப்பா ஒரு சீ.ஆர். கொப்பியைக் கையில் தந்தார்.

அப்பாயிக்கு அப்போது 74 வயது. ‘அவர் சொன்னார், அவர் வந்தார்’ என்று எழுதிப் பார்த்தேன், வேறு யாரோ பெரிய இடத்து அம்மா மாதிரி இருக்கிறது. அதனால் வீட்டில் பேசுகிற மாதிரியே ‘அப்பாயி சொல்லுச்சு, அப்பாயி வந்துச்சு’ என்றே எழுதிவிட்டுப் போகிறேன். மரியாதைக் குறைவென்று யாரும் நினைக்க வேண்டாம்.

கணக்கு என்று உட்கார்ந்ததும் நான் செய்த முதல் வேலை, போனில் தேடியது. குடும்பமாகப் போக ரயில் நல்லதா, கார் நல்லதா என்று தேடினால் வந்ததெல்லாம் ஐரோப்பா. பாரிசிலிருந்து ரோம், ஆம்ஸ்டர்டாமிலிருந்து வியன்னா. சுவிஸ் ஹைவேயில் கார் ஓட்ட வேண்டுமானால் வருசத்துக்கு 40 பிராங் கொடுத்து ஒரு ஸ்டிக்கர் வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டுமாம். இன்டர்ரெயில் பாஸ் எடுத்தால் பெரியவர்களோடு போகிற 12 வயசுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் காசில்லையாம். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு மணித்தியாலம் நான் மன்னாரை மறந்து ஆல்ப்ஸ் மலையில் இருந்தேன். அங்கெல்லாம் சொல்கிற கணக்கு இதுதான்: தனியாகப் போனால் ரயில் லாபம், நாலைந்து பேர் சேர்ந்தால் கார் லாபம்.

எங்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. தேட் கிளாஸ் டிக்கட் மாத்தளையிலிருந்து தலைமன்னாருக்கு ஒராளுக்குச் சுமார் 300 ரூபா. ஒன்பது பேரும் போய் வந்தாலும், பிள்ளைகளுக்கு அரை டிக்கட் போட்டால், 5,000 ரூபாவைத் தொடாது. வேன்காரர் அப்பாவுக்குத் தெரிந்தவர், குறைத்துச் சொன்னதே டீசலோடு இரண்டு நாளைக்கு 24,000. ஒன்பது பேரென்ன, இருபது பேர் போனாலும் கோச்சிதான் லாபம்.

24,000 என்று சத்தமாக வாசித்தபோது சித்தி சும்மா இருக்கவில்லை. அந்த நேரம் தோட்டத்தில் நாள் சம்பளம் எல்லாப் படியும் சேர்த்து 730 ரூபா. அடிப்படைச் சம்பளமே ஆயிரம் ரூபா வேணும் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருசம் அது. சித்தி விரல் விட்டு எண்ணவில்லை, என்னைத்தான் வகுக்கச் சொன்னார். 33 நாள். “முப்பத்து மூணு பேரு” என்றார். எங்கள் பக்கம் ‘பேரு’ என்றால் ஒரு நாள் சம்பளம். பிரட்டுக்குப் போய் வேலை செய்தால் செக்ரோலில் பேர் விழும். நேரம் பிந்தினாலோ கொழுந்து நிறை குறைந்தாலோ அரைப் பேரு. “முப்பத்து மூணு நாள் கொழுந்த ரெண்டு நாள்ல ஓட்டித் தீர்க்கப் போறோம்.”

அப்படிச் சொன்ன சித்தியே வேனுக்குத்தான் கை தூக்கினார். காரணம் பொல்கஹவெல.

இந்த இடத்தில் மாத்தளை ரயில் பாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மன்னார் எங்களுக்கு வடக்கே இருக்கிறது. ஏ9 ரோடு மாத்தளை டவுனுக்குள்ளேயே போகிறது, அதிலே ஏறி நேரே வடக்கே போனால் தம்புள்ளை, மிஹிந்தலை, மதவாச்சி. அங்கே இடது பக்கம் திரும்பினால் மன்னார், தலைமன்னார். எல்லாம் சேர்த்து 250 கிலோமீற்றருக்குக் கிட்ட. கோச்சிக்கு இது தெரியாது. மாத்தளைதான் அதற்குக் கடைசி ஸ்டேஷன், தண்டவாளம் அதற்கப்பால் இல்லை. வடக்கே போக வேண்டுமானால் முதலில் தெற்கே கண்டிக்குப் போய், பேராதனை, கடுகண்ணாவ வழியாக மேற்கே இறங்கி, பொல்கஹவெலயில் மாறி, பிறகு குருநாகல், மாஹோ, அனுராதபுரம் என்று வடக்கே ஏற வேண்டும். கையைத் தலையைச் சுற்றிக் கொண்டுபோய் மூக்கைத் தொடுகிற வேலை.

ஏன் இப்படி என்றால் கோப்பிதான். கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இல் கோச்சி வந்தது. மாத்தளைக்கு 1880. தோட்டத்து மூட்டைகளை இறக்கிக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை அது. மாத்தளைக்கு வந்து சேரும் காலத்தில் கோப்பி நோயில் செத்துக்கொண்டிருந்தது, பிறகு கொக்கோவும் றப்பரும் தேயிலையும் அதே பாதையில் போயின. எங்கள் வீட்டு ஒன்பது பேர் மன்னாருக்குப் போக வேண்டும் என்று எந்தத் துரை நினைத்திருப்பான்?

ஆக, கோச்சியில் போவதென்றால் கண்டியில் ஒரு மாற்றம், பொல்கஹவெலயில் ஒரு மாற்றம். அரிசி, சட்டி, தண்ணீர்ப் போத்தல், பாய், ஐந்து வயசும் எட்டு வயசுமான இரண்டு வாண்டுகள், முழங்கால் வலியோடு அப்பாயி. “இதுகளத் தூக்கிக்கிட்டு பாலத்துல ஏறி எறங்கி மாறப்போறது யாரு, நீயா?” என்று சித்தி கேட்டார். மடு ரோட் ஸ்டேஷனில் இறங்கினாலும் மாதா கோயிலுக்கு இன்னும் பல கிலோமீற்றர் காட்டுக்குள்ளே. கேதீஸ்வரத்துக்கும் பஸ்ஸோ ஓட்டோவோ பிடிக்க வேண்டும். ஒரு ராத்திரி கூடத் தங்க வேண்டும், அப்பாவுக்கு இரண்டு நாள் லீவு கூட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் வித்தியாசம் பாதிக்குப் பாதியாகக் குறைந்துவிட்டது. வேன் லயத்து வாசலுக்கே வரும். நினைத்த இடத்தில் நிற்கும். பாட்டுப் போடலாம். இன்னொன்றும் உண்டு, அதைக் கொப்பியில் யாரும் எழுதச் சொல்லவில்லை: ‘வேன் புடிச்சுப் போனோம்’ என்று சொன்னால் லயத்தில் ஒரு மரியாதை.

அப்பாயி இவ்வளவுக்கும் இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்துச்சு. “கோச்சியில போவமே” என்று ஒருதரம் சொல்லுச்சு. யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கொஞ்சம் கழித்து இன்னொரு தரம். அப்பா, “ஏம்மா?” என்றார். “வேன்ல தலய சுத்தும்.” நான் உடனே தீர்வு சொன்னேன். முன் சீட், ஒரு வாந்திக் குளிசை, கையில் தேசிக்காய். மூன்றாவது தரம் அப்பாயி சொன்னபோது நான் கொப்பியில் ‘வேன்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டுவிட்டேன். காசு, நேரம், சாப்பாடு, கக்கூஸ் என்று அந்தப் பக்கத்தில் நான் போட்டிருந்த கட்டங்கள் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. கோடுகள் ரொம்ப நேராக இருந்தன. எனக்கு அதில் பெருமை வேறு.

விடிய நாலு மணிக்கு வேன் வந்தது. ரொட்டியும் கட்டா சம்பலும் வாழை இலையில் கட்டியிருந்தோம். நாவுலயிலேயே அப்பாயி வாந்தி எடுத்துச்சு. தம்புள்ளையில் இன்னொரு தரம். அதற்குப் பிறகு எடுக்க ஒன்றுமில்லை, தேசிக்காயை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டுச்சு. வேன்காரர் நல்ல மனுசன், ஒவ்வொரு தரமும் முகம் சுளிக்காமல் நிறுத்தினார். பின்னால் சித்தப்பா பைலாப் பாட்டுப் போட்டு, பிள்ளைகள் சீட்டில் ஏறி ஆடின. நான் முன்னால் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த ரோட்டை அன்றைக்கு நான் ஒரு ரோடாகத்தான் பார்த்தேன். இரண்டு பக்கமும் காடு, நடுவில் தார். தமிழ்நாட்டிலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கிய எங்கள் ஆட்கள் கோப்பிக் காலத்தில் நடந்து வந்தது இதே பக்கத்தால்தான் என்பது பள்ளிக்கூடத்தில் ஒரு பந்தியாக வந்துபோனது, அவ்வளவுதான். மதவாச்சி, மிஹிந்தலை, தம்புள்ளை, நாலந்தை, மாத்தளை. காய்ச்சலிலும் கொலராவிலும் பசியிலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே செத்தார்கள். பிழைத்தவர்கள் மாத்தளைக்கு வந்து சேர்ந்து, அங்கிருந்து தோட்டம் தோட்டமாகப் பிரிந்து போனார்கள். 2023இல் இருநூறு வருச நினைவாக ஜூலை 28 தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12 மாத்தளையில் முடிந்த நடைபயணத்தைப் பற்றி இந்தப் பக்கத்தை வாசிக்கிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, உங்களில் சிலர் நடந்தும் இருப்பீர்கள். நான் கடைசி நாள் மட்டும் போய்ச் சேர்ந்துகொண்டேன். அரை நாளில் காலில் கொப்பளம். அப்போதுதான் ஐந்து வருசத்துக்கு முன் அதே ரோட்டில் நாங்கள் பைலா போட்டுக்கொண்டு போனது நினைவுக்கு வந்து ஒரு மாதிரியாக இருந்தது. அப்பாயியின் தாத்தாவோ, தாத்தாவின் அப்பாவோ நடந்து வந்தவர். ஆனால் அப்பாயி அந்தக் கதையை ராசா ராணிக் கதை சொல்கிற மாதிரித்தான் சொல்லும். அதற்கு உறுத்தியது வேறு.

மடுவுக்குப் போனோம். கேதீஸ்வரத்தில் பாலாவியில் கால் நனைத்து, பால் வாங்கி ஊற்றினோம். ராத்திரி அங்கே ஒரு மடத்தில் படுத்தோம். மறுநாள் காலை கடலுக்கு நடுவே போகிற பாலத்தைத் தாண்டி மன்னார்த் தீவு. கழுதைகள் ரோட்டை மறித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துப் பிள்ளைகள் கத்திய கத்து இன்னும் காதில் இருக்கிறது. பெருக்க மரத்தைச் சுற்றி நாங்கள் கை கோத்துப் பார்த்தோம், ஒன்பது பேரின் கையும் போதவில்லை. பேசாலை தாண்டி, பனை மரங்களுக்கு நடுவே தலைமன்னார்.

கடல் வந்ததும் எல்லோரும் இறங்கி ஓடினார்கள். தோட்டத்துப் பிள்ளைகள், கடலைப் படத்தில் பார்த்ததுகள். அப்பாயி மட்டும் கடல் பக்கம் திரும்பவில்லை. “இந்தா, ஸ்டேஷன் எங்க இருக்கு?” என்று என்னைக் கேட்டுச்சு.

தலைமன்னார் துறைமுக ஸ்டேஷன் கடற்கரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. யுத்தத்தில் 1990இல் நின்றுபோன பாதையை இந்தியக் கம்பெனி திருப்பிப் போட்டு, 2015 மார்ச்சில் திறந்தார்கள். அதனால் கட்டடம், பிளாட்போம் எல்லாம் புதுசு. பழையது என்று பார்த்தால் வெளிச்சவீடும், கடலுக்குள் நீட்டிக்கொண்டு துருப்பிடித்து நிற்கிற பழைய இறங்குதுறையும்தான். அப்பாயி என் தோளைப் பிடித்துக்கொண்டு பிளாட்போமின் அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நடந்துச்சு. முழங்கால் வலி எங்கே போனதோ. பிறகு தண்டவாளத்தைப் பார்த்து, “இது எங்க போயி முடியுது?” என்று கேட்டுச்சு. காட்டினேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம். காற்று சேலையைப் பிடித்து இழுத்தது.

“அவளும் இப்பிடித்தான் எறங்கி நடந்திருப்பா.”

அப்பாயிக்கு ஒரு தங்கச்சி இருந்தது எனக்குத் தெரியும். இந்தியாவுக்குப் போனது தெரியும். எங்கள் குசினியில் இருக்கிற அம்மிக்கல் அந்தச் சின்ன அப்பாயி விட்டுப்போனது என்பதும் தெரியும், கல்லைக் கப்பலில் கொண்டுபோக முடியாதே. அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

நடந்தது இதுதான். 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964 ஒக்டோபர் 30 சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரைப் பத்து வருசம் கழித்துப் பாதிக்குப் பாதி பங்கு போட்டார்கள். ஒரே லயத்தில் ஒரு காம்பராவுக்கு இந்தியா, அடுத்த காம்பராவுக்கு சிலோன். எங்கள் தாத்தா சிலோனுக்கு எழுதிப் போட்டார், தங்கச்சி புருசன் இந்தியாவுக்கு. 1972இல் அவர்களுக்குப் போகச் சொல்லிக் கடுதாசி வந்தது. மாத்தளையில் மாசித் தேர் முடிந்த கையோடு கிளம்பினார்கள். மாத்தளையில் கோச்சி ஏறி, பொல்கஹவெலயில் மாறி, இங்கே இந்தத் துறையில் இறங்கி, கப்பலில் ராமேஸ்வரம். அந்தக் கப்பலுக்கு ‘ராமானுஜம்’ என்று பேர். மண்டபம் கேம்பில் இருந்து, பிறகு நீலகிரிக்குப் போனார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாடு அரசு அங்கே தேயிலைத் தோட்டம் போட்டிருந்தது. இங்கே கொழுந்து பறித்தவர்கள் அங்கேயும் போய்க் கொழுந்துதான். கோத்தகிரியிலிருந்து கடிதம் வந்துகொண்டிருந்தது. 83க்குப் பிறகு குறைந்தது. கப்பலும் நின்றது. பிறகு கடிதமும் இல்லை.

அப்பாயி திரும்பி வந்து அப்பாவிடம் சொல்லுச்சு: “நான் கோச்சியில வாறேன். நீங்க வேன்ல போங்க.”

அப்பாவுக்குக் கோபம் வந்தது. வேனுக்குக் காசு கொடுத்தாச்சு. கோச்சி ராத்திரிதான். பொல்கஹவெலயில் விடியும்வரை இருக்க வேண்டும். “ஒனக்குப் பைத்தியமாம்மா? இந்தக் காலோட?” அப்பாயி ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலைப் பையைப் பிரித்துச்சு, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அப்பாயி வெற்றிலைப் பையைப் பிரித்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நான் கூட வருகிறேன் என்று சொன்னேன். நல்ல பிள்ளை என்று யாரும் நினைக்க வேண்டாம், கொப்பியில் போட்ட அந்த இரண்டு கோடு உறுத்திக்கொண்டிருந்தது. அப்பா என் கையில் 1,000 ரூபாவும், மிஞ்சிய ரொட்டியும், ஒரு போத்தல் தண்ணீரும் தந்தார். வேன் போகும்போது சித்தி ஜன்னலால் தலையை நீட்டி, “பொல்கஹவெல பாலத்துல பாத்துக் கூட்டிப் போடி” என்று கத்தினார்.

ராத்திரி கோச்சியில் கூட்டமில்லை. ஜன்னல் சீட்டில் அப்பாயியை உட்கார வைத்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை, இருட்டும் எங்கள் முகமும்தான். ஆனாலும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பேர் கேட்டுச்சு. முருங்கன். மடு ரோட். செட்டிகுளம். எழுதி வைத்துக்கொள்கிற மாதிரி ஒவ்வொன்றையும் வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துச்சு. வாந்தி வரவில்லை, தலை சுற்றவில்லை. அதையும் குறிப்பிட வேண்டும்.

மதவாச்சி தாண்டியிருக்கும். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்திருக்கும் போல.

“டிக்கட்டு எடுத்து வச்சிருந்தா” என்றுச்சு.

“யாரு அப்பாயி?”

“அவதான். எனக்கு. கண்டி வரைக்கும். மாத்தளையில ஏறி கண்டி வரைக்கும் கூட வா, அங்க எறங்கி பஸ்ஸுல திரும்பிக்கன்னு. காசு ஏதுன்னு கேட்டேன். ஒரு கோழி இருந்துச்சு, அத வித்தாளாம்.”

நான் பேசாமல் இருந்தேன்.

“நான் போகல.”

“ஏன்?”

“அன்னைக்கு பேரு போயிரும்ல. ஸ்டேஷனுக்குப் போறதுக்கே கங்காணிகிட்ட கெஞ்சி, காலையில அரைப் பேரு போச்சு. கண்டிக்குப் போனா முழுசாப் போயிரும். ஒங்கப்பனுக்கு அப்ப ரெண்டு வயசு, பால்மா வாங்க வழியில்ல. கோச்சி வந்துச்சு, ஏத்தி விட்டேன், எறங்கி ஓடியாந்து மத்தியானக் கொழுந்துக்குப் போயிட்டேன். அரைப் பேரு விழுந்துச்சு.”

கொஞ்ச நேரம் தண்டவாளச் சத்தம்.

“அந்த டிக்கட்ட என்னா பண்ணுனாளோ” என்றுச்சு.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சொல்வதற்கு எதுவும் இருக்கவும் இல்லை. ரொட்டி சாப்பிடுறீங்களா என்று கேட்டேன். பாதி தா என்று வாங்கிச் சாப்பிட்டுச்சு.

பொல்கஹவெலயில் இறங்கும்போது விடிய இன்னும் நேரமிருந்தது. பாலப்படியில் ஏற அப்பாயிக்கு ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு. இறங்கும்போது யாரோ ஒரு சிங்களப் பொடியன், ரயில்வே வேலைக்காரன் போல, வந்து மற்றக் கையைப் பிடித்துக்கொண்டான். “ஆச்சி, ஹெமின்” என்றான். கடையில் பிளேன்டீ குடித்தோம். கண்டிப் பக்கம் போகிற கோச்சி வருகிறவரை பெஞ்சில் நுளம்போடு உட்கார்ந்திருந்தோம். “இங்கதான மாறியிருப்பாங்க?” என்று கேட்டுச்சு. ஆமாம் என்றேன், வேறு வழியே இல்லையே. அந்த ஸ்டேஷனை அப்பாயி சுற்றிப் பார்த்த மாதிரி நான் ஒரு கோயிலைக்கூடச் சுற்றிப் பார்த்ததில்லை. எங்கே தண்ணீர்க் குழாய், எங்கே நிழல், பிள்ளைகளை எங்கே படுக்க வைத்திருப்பார்கள் என்று ஒவ்வொன்றாக.

விடிந்ததும் கடுகண்ணாவ ஏற்றம். 44 அடிக்கு ஓரடி ஏறுகிற பாதை, கோச்சி நடக்கிற வேகத்துக்கு வந்துவிடும். ஒரு பக்கம் பாறை கையால் தொடுகிற தூரத்தில், மறுபக்கம் கீழே பள்ளத்தாக்கு, தூரத்தில் பத்தலேகல. வெள்ளைக்காரப் பிள்ளைகள் இரண்டு கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுத்தன. ஐரோப்பாவிலிருந்து வந்திருப்பார்கள். அவர்கள் ஊரில் ரயிலா காரா என்று நான் வாசித்ததை நினைத்துச் சிரிப்பு வந்தது. அப்பாயி அப்போதுதான் நன்றாகத் தூங்கிப் போச்சு. உலகத்திலேயே அழகான இடம் என்று எல்லோரும் சொல்கிற அந்தத் துண்டை அப்பாயி பார்க்கவே இல்லை. எழுப்பலாமா என்று யோசித்தேன். விட்டுவிட்டேன்.

கண்டியில் மாறி, கட்டுகஸ்தோட்டை, வத்தேகம, உக்குவளை. மாத்தளை வரும்போது வெயில் ஏறிவிட்டது. பிளாட்போமில் அப்பாயி ஒரு நிமிசம் நின்றுச்சு. வாசலில் டிக்கட் வாங்குகிறவர் கையை நீட்டினார். சின்ன மட்டை டிக்கட். நான்தான், இதை வைத்துக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்க வாயெடுத்தேன். அப்பாயி, “அதென்னாத்துக்கு?” என்று என் கையிலிருந்து இரண்டையும் பிடுங்கி அவரிடம் கொடுத்துவிட்டு வெளியே போச்சு.

அப்பா ஓட்டோ பிடித்து வைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் இன்னும் பாதிக் கோபம்.

“எப்பிடிம்மா கோச்சி?”

“உக்காந்தே வந்து இடுப்பு போச்சுடா” என்றுச்சு அப்பாயி. “வேன்லயே வந்திருக்கலாம்.”